ஒவ்வொருவரையும் தாங்கும் தலைவர்

தம் இறப்பு நெருங்கிவிட்டது என்று அறியும் தலைவர் கடவுளிடம் எதைக் கேட்பார்? இன்னும் சில ஆண்டுகள் வாழக் கேட்கலாம். தம் பிள்ளைகளுக்குப் பதவி கேட்கலாம். மோசே இவற்றில் எதையும் கேட்கவில்லை. மக்கள் ஆயனில்லா ஆடுகளைப்போல் ஆகிவிடாதபடி அவர்களுக்கு ஒரு தலைவரைத் தரவேண்டும் என்றே மன்றாடுகிறார் (எண் 27:15-17).

அம்மன்றாட்டில் அவர் ஆண்டவரை, மனிதர் அனைவருடைய ஆவிகளுக்கும் கடவுள் என்று அழைக்கிறார். 'ஆவிகள்' என்று பன்மையில் சொன்னது ஏன்? பிரான்சு நாட்டின் துருவா நகரில் வாழ்ந்து 1105இல் மறைந்த யூத மறைநூல் அறிஞர் ராஷி இதற்கு விளக்கம் தருகிறார். ஒருவருடைய மனம் மற்றவருடைய மனத்தைப் போன்றதல்ல. ஆகவே, ஒவ்வொருவரையும் அவரவர் மனநிலைக்கேற்பப் பொறுத்துத் தாங்கும் தலைவரையே மோசே கேட்டார் என்கிறார் அவர்.

இதைக் கேட்டவர் யார் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். மெரிபாவில் தண்ணீரின்றி மக்கள் முறையிட்டபோது, அவர்கள் அனைவரையும் கலகக்காரர் என்று ஒரே சொல்லால் கடிந்துகொண்டு, பாறையை இருமுறை அடித்தவர் இதே மோசே. அங்கு நடந்ததை ஆண்டவர் நினைவூட்டிய உடனேதான் இம்மன்றாட்டு எழுகிறது. பொறுமை இழந்த தலைவர், தமக்குப்பின் வருபவராவது பொறுமையுள்ளவராய் இருக்க வேண்டும் என விரும்புகிறார்.

யூத மரபில் வழங்கும் ஒரு கதையும் இதையே கற்பிக்கிறது. மோசே மந்தை மேய்த்தபோது ஓர் ஆட்டுக்குட்டி ஓடிவிட்டது. அவர் பின்தொடர்ந்து சென்றார். அது ஒரு நீர்நிலையில் தண்ணீர் குடிப்பதைக் கண்டதும், தாகத்தால்தான் ஓடியது என்று புரிந்துகொண்டு, களைத்த குட்டியைத் தோளில் சுமந்து வந்தார். அதைக் கண்ட கடவுள் தம் மக்களை அவரிடம் ஒப்படைத்தார். தாவீதும் குட்டிகளுக்கு இளம்புல்லையும், வயதான ஆடுகளுக்கு நடுத்தரப் புல்லையும், வலிமையானவற்றிற்குக் கடினமான புல்லையும் கொடுத்து மேய்த்தாராம்.

மோசேயின் மன்றாட்டுக்கு விடையாக ஆண்டவர் யோசுவாவைத் தந்தார். யோசுவா, இயேசு என்பவை ஒரே எபிரேயப் பெயரின் இரு வடிவங்கள். யூதராய்ப் பிறந்த நம் ஆண்டவர், மக்கள் ஆயரில்லா ஆடுகள்போல் இருந்ததைக் கண்டு பரிவுகொண்டார் (மாற் 6:34). தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடும் ஆயரைப் பற்றியும் சொன்னார்.

அன்பார்ந்தவர்களே, குடும்பத்திலோ அன்பியத்திலோ பங்குப் பேரவையிலோ நம்மிடமும் சிலர் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றனர். கூட்டத்திற்கு வராமல் நின்றுவிட்டவரை, எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பவரை நாம் எளிதில் 'கலகக்காரர்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அவருக்கு இருப்பது என்ன தாகம் என்று தேடிச் சென்று பார்த்தோமா?