"உம்" கொட்டினால் நகரும் கதை!

பாட்டி கதை சொல்வாள். பேரன் "உம்" கொட்டுவான். "உம்" நின்றால் கதையும் நின்றுவிடும். "தூங்கிட்டியாடா?" என்று பாட்டி கேட்பாள்.

திண்டுக்கல் – திருச்சி சாலையில், வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை கூடும் ஊர் அய்யலூர். அங்குள்ள பாட்டிமாருக்கும் இது தெரிந்த சங்கதிதான். இதே சங்கதியை இப்போது எந்திரமும் கற்றுக்கொண்டது!

முள்ளெலியின் பிறந்த நாள்

அதன் பெயர் "விர்ச்சுவல் ரியாலிட்டி". தமிழில் "மெய்நிகர்" என்கிறார்கள். கண்ணை மூடினாற்போல் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி. உள்ளே இரண்டு கண்ணுக்கும் இரண்டு படங்கள். தலையைத் திருப்பினால், அந்தப் பக்கத்துக் காட்சி தெரியும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இதிலோ 72, 90 என்று ஓடும். படம் கொஞ்சம் பிந்தினாலும் தலை சுற்றும்!

2015-ல் அமெரிக்காவில் "ஹென்றி" என்ற கார்ட்டூன் படம் வந்தது. ஹென்றி ஒரு முள்ளெலி. எல்லோரையும் கட்டிப்பிடிக்க அதற்கு ஆசை. ஆனால் உடம்பெல்லாம் முள். யார் கிட்டே வருவார்கள்? தனியாகப் பிறந்த நாள் கொண்டாடுகிறது. அப்போது திரும்பி நம் கண்ணையே பார்க்கிறது! 2016-ல் இந்தப் படத்துக்கு எம்மி பரிசு கிடைத்தது.

"சுவருக்குள் ஓநாய்கள்" என்று இன்னொரு கதை. லூசி என்ற சிறுமி நம்மை வரைந்து, தோழனாக்கிக் கொள்கிறாள். பொருள்களை நம் கையிலேயே கொடுக்கிறாள்.

நம் ஏ. ஆர். ரகுமான் இயக்கிய "லெ மஸ்க்" 2022-ல் பிரான்சு நாட்டின் கான் நகரில் காட்டப்பட்டது. அது கார்ட்டூன் அல்ல, நடிகர்கள் நடித்தது. அதில் வாசனையும் வரும்!

தேவாங்கு வருமா?

அய்யலூர்க் காட்டில் தேவாங்கு உண்டு. இரவில் வரும். பூச்சிகளைத் தின்னும். உழவனுக்கு நண்பன். "அதைப் பார்த்தால் ஆகாது" என்று விரட்டியவர்களும் உண்டு. அதைக் காக்க 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு. இந்தியாவில் இதுவே முதலாவது.

இதை இப்படி ஒரு கதையாக்கினால் என்ன? குழந்தை அசையாமல் நின்றால் தேவாங்கு கிட்டே வர வேண்டும். கத்தினால் மறைந்துவிட வேண்டும். பயம் போகும், பொறுமை வரும்.

பெற்றோர் கவனிக்க!

இந்தக் கருவி சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அல்ல. "குவெஸ்ட்" கருவிக்கு 10 வயதாவது ஆக வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது. பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

அதுவரை பாட்டி இருக்கிறாள். தலை திரும்பியதைக் கருவி அறியும். பேரன் ஏன் "உம்" கொட்டவில்லை? பயமா, பசியா, தூக்கமா? அது பாட்டிக்குத்தான் தெரியும்!