இன்னொரு பூனைக்கு இடம் உண்டா?

நம் ஊர்ப்புறங்களில் யாரும் ஆலோசித்துப் பூனை வளர்த்ததில்லை. அது தானாக வரும். கொல்லைப்புறத்தில் இரண்டு நாள் திரியும். மூன்றாம் நாள் அடுப்படியில் சுருண்டு படுத்துக்கொள்ளும். கொல்லையும் வைக்கோற்போரும் நெற்குதிரும் உள்ள வீட்டில் நான்கு பூனைகள் இருந்தாலும், அவை ஒன்றன் முகத்தில் ஒன்று விழிக்காமலே காலம் தள்ளிவிடும். உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து, இரண்டு அறைகளில் குடித்தனம் நடத்தும் நமக்கு அந்த வசதி இல்லை. வாயிற்கதவைச் சாத்தினால் வீடே ஒரு பெட்டிதான். ஆகவே, இருக்கும் பூனையோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா என்பது இங்கே நின்று நிதானித்து முடிவு செய்யவேண்டிய காரியமாகிவிடுகிறது.

சென்ற மார்கழியில் இந்தக் கேள்வி எங்கள் வாயிற்படிக்கே வந்து சேர்ந்தது. தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டாம் மாடி. வீட்டில் ஏற்கெனவே பத்து வயதான சாம்பல் நிறப் பெண் பூனை ஒன்று உண்டு. மூடுபனி விலகாத ஒரு காலைப் பொழுதில், மாடிப்படியின் கீழே அட்டைப்பெட்டி ஒன்றில் இரண்டு குட்டிகளை யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மையார் திருநெல்வேலிக்காரர். "ரெண்டு பிடி சோறுதானே அண்ணாச்சி, ஒரு மூலையில கிடந்துட்டுப் போகுது" என்றார். என் மனைவியோ, "மாற்றல் உத்தரவு வந்தா மூணு கூடையைத் தூக்கிட்டா போவீங்க?" என்று கேட்டாள். கருணை ஒரு பக்கமும் கணக்கு ஒரு பக்கமுமாக நான் படியிலே நின்றேன்.

இத்தகைய சந்தர்ப்பத்தில் நாம் வந்த பூனையையே பார்க்கிறோம். அதன் நடுக்கம் நம் மனத்தை இளக்கிவிடுகிறது. ஆனால் முதலில் கருதவேண்டியது வீட்டிலிருக்கும் பூனையை. பூனை, நாயைப்போலக் கூட்டமாக வாழ்ந்த பிராணியின் வழித்தோன்றல் அன்று. நம் வீட்டுப் பூனைகள் மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனை இனத்திலிருந்து வந்தவை என்பதை 2007-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று எடுத்துக்காட்டியது. அந்தக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடும், தனித்து உண்ணும். மனிதனோடு அதற்கு உறவு ஏற்பட்டது நெடுங்காலத்திற்கு முன்பே. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறையில் ஒரு மனிதனின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருக்கக் கண்டார்கள். எனினும் மனிதனோடு பழகியதுபோல் தன் இனத்தோடு பழக அது முற்றிலும் கற்றுக்கொள்ளவில்லை. உணவு மிகுந்த இடங்களில் தாயும் மகளும் உடன்பிறந்தவையும் சேர்ந்து வாழ்வதுண்டு. அந்தக் குடும்பத்தில் அயற்பூனை புகுந்தால் விரட்டிவிடும். "தனியாக இருக்கிறதே, துணை வேண்டாமா?" என்று நாம் இரங்குவது மனித இரக்கம். பத்து ஆண்டுகள் தனியரசு நடத்திய பூனைக்குத் துணை என்பது பெரும்பாலும் படையெடுப்பாகவே படும்.

அதன் வருத்தத்தை நாம் கண்டுகொள்வதும் எளிதன்று. இரண்டு பூனைகள் சீறிப் பாய்ந்து சண்டையிட்டால்தான் பகை என்று எண்ணுகிறோம். உண்மையான பகை பல வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கிறது. ஒன்று நடைவழியில் குறுக்கே படுத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மற்றது அந்தப் பார்வையைக் கடந்து மணல் தட்டுக்குப் போகத் துணியாது. நாளெல்லாம் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் நம் படுக்கையிலோ துணிமூட்டையிலோ சிறுநீர் கழித்துவிடும். "இத்தனை நாள் ஒழுங்காக இருந்தது, இப்போது புத்தி கெட்டுவிட்டது" என்று அதையே அதட்டுகிறோம். வழிமறித்ததோ நல்ல பிள்ளையாக நம் காலடியில் உட்கார்ந்திருக்கும்.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒரு சங்கதியும் அடங்கியிருக்கிறது. கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பாதை குறுகலானது. மனக்கலக்கம், நீர் குறைவாகக் குடித்தல் முதலியவை சேர்ந்தால் அது அடைபட்டுப் போவதுண்டு. அடைப்பு முற்றானால் இரண்டு மூன்று நாட்களுக்குள் பூனை இறந்துவிடக்கூடும். ஒரே பூனை உள்ள வீட்டில் மணல் நனையாமலிருப்பது காலையிலேயே தெரிந்துவிடும். மூன்று பூனைகள் உள்ள வீட்டில் நனைந்த மணலைப் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்று அலுவலகத்துக்குப் போய்விடுவோம். நனைத்தவை இரண்டு மட்டும் என்பது யாருக்குத் தெரியும்? எந்தப் பூனை தின்றது, எது தின்னவில்லை, எது இளைக்கிறது என்பதையும் அவ்வாறே தவறவிடுகிறோம். நோயை மறைத்துக்கொள்வதில் பூனைக்கு நிகர் பூனையே. ஆகவே எத்தனை பூனைகளுக்குச் சோறு போட முடியும் என்று கேட்பதைவிட, எத்தனை பூனைகளை நாள்தோறும் தனித்தனியே கவனிக்க முடியும் என்று கேட்டுக்கொள்வதே பொருத்தம்.

இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை மணல் தட்டுகள் வைக்கவேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். மூன்று பூனைகளுக்கு நான்கு தட்டுகள். நான்கையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டால் பூனையின் கணக்கில் அது ஒரே தட்டுதான். வெவ்வேறு இடங்களில் வைத்தாலன்றி வழிமறிப்பு தீராது. இரண்டு அறைக் குடித்தனத்தில் நான்கு மூலைகளைப் பூனைக்கு விட்டுக்கொடுக்க எத்தனை பேர் இசைவார்கள்? தரை குறைவானால் உயரத்தில் ஈடு செய்யலாம். பரண், அலமாரியின் மேல்தட்டு, சன்னல் விளிம்பு ஆகியவற்றை ஒழித்துக் கொடுத்தால் பூனைக்கு வீடு பெரிதாகிவிடும். தட்டுகளை நாள்தோறும் சுத்தம் செய்யவேண்டும். கருவுற்ற பெண்கள் அந்த வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது. பூனையின் மலத்தின் வழியே பரவக்கூடிய நுண்கிருமி ஒன்று கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும்.

இனி அந்த "ரெண்டு பிடி சோறு" விஷயத்துக்கு வருகிறேன். நம்மவர் பலர் பாலும் சோறும், தயிரும் சோறும் பிசைந்து வைத்தே பூனை வளர்க்கிறார்கள். பூனைக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு நம் இலக்கியத்திலும் ஏறிவிட்டது. கம்பர் தம் அவையடக்கத்திலே பாற்கடலை நக்கப் புகுந்த பூனையைத் தமக்கு உவமையாக்கிக்கொண்டார். ஆனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிறு கழிந்துவிடும். சோறோ அதற்கு உணவே அன்று. பூனை இறைச்சி உண்டே வாழவேண்டிய பிராணி. டாரின் என்னும் சத்தைப் போதிய அளவில் அதன் உடல் தானே ஆக்கிக்கொள்ளாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெறவேண்டும். அந்தச் சத்துக் குறைவினால் பூனையின் இதயத் தசை நலிந்து வீங்குகிறது என்பது 1987-இல் கண்டறியப்பட்டது. கண்ணின் பார்வைக்கும் அதே குறைவு கேடு செய்யும். கிராமத்துப் பூனை தயிர்சோற்றைத் தின்றுவிட்டு வயலில் எலி பிடித்து ஈடுகட்டிக்கொண்டது. மாடிவீட்டில் அடைபட்ட பூனைக்கு எலி ஏது?

மரக்கறி உணவுக் குடும்பங்களுக்கு இது சங்கடமான இடம். எனினும் இதை மழுப்பிச் சொல்ல நான் விரும்பவில்லை. இறைச்சியை வீட்டுக்குள் ஏற்ற மனமில்லாதவர்கள், எல்லாச் சத்துகளும் சேர்த்துத் தயாரித்த பூனை உணவைப் பொட்டலமாக வாங்கி வைக்கலாம். அதிலும் மீன்வாடை உண்டு. அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால், தம் ஆசாரத்தைப் பூனையின் மீது சுமத்தாமல், பூனை வளர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுவதே நேர்மை. இன்னொன்று: பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணி நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனைக்கு அது நஞ்சு. அரை மாத்திரையே உயிரைக் குடித்துவிடக்கூடும்.

புதுக்குட்டியைக் கண்டவுடன் உள்ளே தூக்கிவருவதிலும் அபாயம் உண்டு. பான்லியூகோபீனியா என்ற தொற்றுநோய் குட்டிகளை இரண்டொரு நாளில் கொண்டுபோய்விடும். வாந்தி, கழிச்சல், சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். அதன் கிருமி தரையிலும் துணியிலும் ஓராண்டுகூட அழியாமல் இருக்கவல்லது. சாதாரண சோப்புக்கு மசியாது, குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் வேண்டும். ஆதலால் வந்த குட்டியை இரண்டு வாரமாவது தனியறையில் வைத்திருந்து, மருத்துவரிடம் காட்டி, வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி முறை தவறாமல் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடி நோய் நாயினால் மட்டும் வருவதன்று.

ஆணும் பெண்ணுமாக இரண்டு குட்டிகளை ஏற்பவர்கள் இன்னொரு கணக்கையும் அறியவேண்டும். நான்கு ஐந்து மாதத்திலேயே பெண்குட்டி பருவமடைந்துவிடலாம். கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஓர் ஈற்றில் நான்கு குட்டிகள் சாதாரணம். அவை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி கருவுறவும் கூடும். உடன்பிறந்தவை என்ற முறை பூனைக்கு இல்லை. கருத்தடை அறுவையைத் தள்ளிப்போட்டவர்கள் வீட்டில் "இரண்டு பூனை வளர்க்கலாமா?" என்ற கேள்வி ஓராண்டுக்குள் "இந்தப் பத்தை என்ன செய்வது?" என்று மாறியிருக்கக் காண்கிறோம். எங்கள் படிக்கட்டுக்குப் பெட்டி வந்ததும் அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் என்பது என் ஊகம்.

மாற்றல் வரும் உத்தியோகஸ்தர்களுக்கு இதுவே முள். நல்ல பராமரிப்பில் பூனை பதினைந்து ஆண்டுகள் வாழும். அதற்குள் நமக்கு எத்தனை ஊர், எத்தனை குடியிருப்பு! புறப்படும் நாளில் "அது எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்று வாசலில் விட்டுவிட்டு வண்டி ஏறுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை அப்படிப் பிழைத்துக்கொள்வது அரிது. அது பாவம் மட்டுமன்று, குற்றமும் ஆகும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. இச்சட்டம் உருவாகப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். மாநிலங்கள் அவையில் அவர் எழுப்பிய குரலே அதற்கு வழி திறந்தது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கலாக்ஷேத்திரத்தை அறிந்த நம்மில் பலர் இதை அறிவதில்லை.

எங்கள் குட்டிகளின் கதையை முடிக்கிறேன். அவற்றைக் குளியலறையில் ஒரு பழைய கம்பளியோடு வைத்தோம். மருத்துவர் வந்து பார்த்து, ஒன்று கடுவன், மூன்று நிறமுள்ள மற்றது பெண் என்றார். மூவண்ணப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெண்கள்தாம். இரண்டு குட்டிகளானால் தமக்குள் விளையாடிக்கொண்டு கிழப்பூனையை அதிகம் தொந்தரவு செய்யமாட்டா. கதவிடுக்கின் வழியே வாசனை பழகட்டும், அவசரப்படாமல் சில வாரம் பொறுத்துப் பாருங்கள் என்றும் சொன்னார். பொறுத்தோம். ஆனால் எங்கள் சாம்பல் பூனை குளியலறைக் கதவுக்கு நேரே நாளெல்லாம் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் உணவைத் தொடவில்லை. பூனை நாட்கணக்கில் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே கேடு வரும். அத்துடன் அதன் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது என்று சென்ற ஆண்டே சொல்லியிருந்தார்கள். இன்னும் இளமையும் நல்ல உடலும் உள்ள பூனையாக இருந்திருந்தால் மேலும் ஒரு மாதம் முயன்றிருப்பேன். மூன்றாம் நாள் காலையில், எங்கள் வீட்டில் இடமில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்கு உவப்பாக இருக்கவில்லை.

ஏற்பதற்கும் தெருவில் விடுவதற்கும் நடுவே வேறு வழியே இல்லை என்று நினைத்துத்தான் பலர் தவிக்கிறார்கள். வழி உண்டு. குட்டிகளுக்குத் தடுப்பூசியும் வயது வந்ததும் கருத்தடை அறுவையும் நம் செலவில் செய்வித்து, பூனையே இல்லாத நல்ல வீடு ஒன்றைத் தேடித் தரலாம். பெரிய தெருப்பூனையாக இருந்தால், அறுவைக்குப் பின் அது பழகிய இடத்திலேயே விட்டு, வேளை தவறாமல் உணவு வைக்கலாம். நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "செலவு என்னுடையது, மூலை உங்களுடையது" என்றேன். அம்மையார் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டார்.

இப்போது அங்கே மூன்று மணல் தட்டுகள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் குட்டிகளைப் பார்த்துவிட்டு நான் திரும்பும்போது, எங்கள் பூனை என் வேட்டியின் ஓரத்தை நெடுநேரம் முகர்ந்து பார்க்கிறது. பிறகு போய்த் தன் தட்டிலுள்ள மீனைத் தின்கிறது.