மெதேனை உண்டு வாழும் ஆழ்கடல் குடிகள்

இலங்கை மலையகத்தின் வட்டகொடை ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதே அளவு கடலுக்குள் இறங்கினால் வெயில் எட்டாத இருட்டும் கடுங்குளிரும்தான். நம் தேயிலைக் கொழுந்துக்கு வெயில் வேண்டும். அங்கே வாழும் சில உயிர்களுக்குச் சேற்றிலிருந்து கசியும் மெதேன் வாயுவே போதும்.

வங்காள விரிகுடாவில், ஆந்திரக் கரைக்கு அப்பாலுள்ள கிருஷ்ணா கோதாவரிப் படுகையில், 900 முதல் 1,800 மீற்றர் ஆழத்தில் இப்படிப்பட்ட கசிவிடங்கள் இருப்பதை இந்தியாவின் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் அறிவித்தார்கள். இந்தியக் கடலெல்லையில் அதுவே முதல் பதிவு.

கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்தபோது, கடலடியிலிருந்து வாயுக்குமிழிகள் தீச்சுடர் போல எழுவது திரையில் தெரிந்தது. அந்த இடத்தில் நீண்ட குழாயை இறக்கிச் சேற்றை எடுத்தார்கள். இரண்டு மூன்று மீற்றர் ஆழத்திலேயே மெதேன் ஐதரேற்று அகப்பட்டது. நீர் மூலக்கூறுகள் கூண்டாகி மெதேனைச் சிறைப்பிடித்த திண்மம் அது; பார்வைக்குப் பனிக்கட்டி, பற்றவைத்தால் எரியும். ஒரு கன மீற்றர் ஐதரேற்றுக்குள் ஏறத்தாழ 160 கன மீற்றர் வாயு அடங்கியிருக்கிறது.

ஒலியியலாளர் காட்டிய இடத்தில் புவியியலாளர் சேற்றை எடுக்கிறார். அதில் ஊறிய நீரை இரசாயனவியலாளர் பிழிந்து சல்பேற்றை அளக்கிறார். கடல்நீரிலிருந்து இறங்கும் சல்பேற்றும் கீழிருந்து ஏறும் மெதேனும் சந்திக்கும் எல்லையில்தான் ஆர்க்கியா, பற்றீரியா என்ற இரு நுண்ணுயிர்கள் சேர்ந்து, ஒட்சிசன் இல்லாமலே மெதேனைச் சிதைக்கின்றன. இந்தக் கூட்டணியை நுண்ணுயிரியலாளர் கண்ணால் கண்டு வெளியிட்டது 2000ஆம் ஆண்டில். ஒருவர் வேலை மற்றவருக்கு வழிகாட்டாமல் இந்த ஆய்வு ஓரடிகூட நகராது.

அந்தச் சிதைவில் பிறப்பது ஐதரசன் சல்பைட்டு. அழுகிய முட்டை நாற்றமுள்ள நஞ்சு. கசிவிடத்துச் சிப்பி ஒன்றோ தன் காலைச் சேற்றில் ஊன்றி அந்த நஞ்சை உறிஞ்சுகிறது. செவுளில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அதைக் கொண்டு உணவாக்கிச் சிப்பிக்கு ஊட்டுகின்றன. ஒட்சிசன் அரிதான இடம் என்பதால், ஓட்டைத் திறந்தால் நம்முடையதைப் போலவே சிவந்த இரத்தம். பக்கத்தில் வாழும் குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அதையும் உள்ளிருக்கும் பற்றீரியாவே வளர்க்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நமக்கும் இதில் பங்குண்டு. நூறாண்டுக் கணக்கில், மெதேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவு பூமியைச் சூடாக்கும். கடலடி மெதேனின் பெரும்பகுதியை இந்த நுண்ணுயிர்கள் சேற்றுக்குள்ளேயே தின்று முடிக்கின்றன. அந்த மெதேனின் காபனில் ஒரு பங்கு சுண்ணாம்புப் பாறையாகி, வேறு உயிர்களுக்கு இருப்பிடமாகிறது.

ஆனால் ஐதரேற்று எரிபொருளும்கூட. அதே படுகையில் 2006இல் துளையிட்ட இந்தியா தடித்த ஐதரேற்றுப் படிவைக் கண்டது. நம் மன்னார்ப் படுகையிலும் 2011இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. அங்கே வாயு எடுக்கத் துளையிடுவதாயின், எதிரொலிப் படத்தையும் சேற்று மாதிரியையும் முதலில் எடுத்து, கசிவிடம் உண்டா, அதில் எவை வாழ்கின்றன என்று பார்த்தாக வேண்டும். அந்த ஆய்வுக் கப்பலில் எண்ணெய்ப் பொறியியலாளருக்குக் கொடுக்கும் இடத்தை உயிரியலாளருக்கும் கொடுக்க வேண்டும்.