உயர்ந்து நிற்கும் அந்தக் கை

கால்பந்தில் ஃப்ரீ கிக் கொடுத்ததும் நடுவரின் கையைக் கவனியுங்கள். தலைக்கு மேல் ஒரு கையைத் தூக்கி நின்றால் அது இன்டைரக்ட் ஃப்ரீ கிக். உதைத்த பந்து இன்னொரு வீரர் மேல் பட்டு வலைக்குள் போனால்தான் கோல். எதிரணி வலைக்குள் நேரே போனால் கோல் இல்லை, கோல் கிக்தான். சரி, கையைத் தூக்க நடுவரே மறந்து, பந்தும் நேரே வலைக்குள் போய்விட்டால்? மறுபடி உதைக்க வேண்டும். நடுவரின் மறதிக்கு எந்த அணியும் விலை கொடுக்கக் கூடாதல்லவா, எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

நடுவரின் கை காட்டும் இன்னொரு சைகையும் உண்டு. தவறு நடந்தும் விசில் ஊதாமல் நடுவர் கைகளை முன்னால் நீட்டினால், பாதிக்கப்பட்ட அணிக்குச் சாதகமாக ஆட்டத்தைத் தொடர விடுகிறார் என்று பொருள்.