மலையேறும் கால்கள்: அன்றும் இன்றும்

1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் மின்னல் தாக்கி மாண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்த பிரித்தானிய அதிகாரி அவர். மழை ஓய்ந்துவிட்டது என்று வெளியே வந்து நின்றபோதுதான் மின்னல் விழுந்தது என்பார்கள். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. துப்பாக்கி, குதிரை, ஏவலாள் என்று அன்றைய மலைப்பயணத்துக்கு வேண்டிய எதிலும் அவருக்குக் குறைவில்லை. கடைசி இடி கேட்டபின் அரைமணி நேரமாவது உள்ளேயே இருக்க வேண்டும் என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கிறோம்.

அன்று பொழுதுபோக்குக்காக மலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரத் துரைமார்தான். அவர்களில் ஒருவரான சாமுவேல் பேக்கர் நாய்களோடு மரை வேட்டையாடிய காடுகளின் நடுவே, ஹோட்டன் சமவெளியில், அவர் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. மற்றவர்களுக்கு மலையேற்றம் ஒன்று பக்தி, இல்லையென்றால் பிழைப்பு.

கோப்பித் தோட்டப் பிழைப்புக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். அவர்களுடைய பயண உபகரணம் தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு சட்டி. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஹற்றனுக்கு ரயில் வந்தது 1884இல்; அதற்குள் கோப்பித் தோட்டங்கள் இலைநோயில் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பின்னும் நடை ஓயவில்லை. காலையில் ஆள் சேரும் பெரட்டுக்களத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கொழுந்து நிறுக்க, பிறகு வரிசை வீடுகளான லயத்துக்கு. குளிருக்குக் கம்பளி, மழைக்குக் கொங்காணியாக மடித்த சாக்கு, இடுப்பில் படங்கு. அட்டைக்கு மருந்து சவர்க்காரம், சுண்ணாம்பு, புகையிலை. காலுக்கு எதுவும் இல்லை.

பக்தர்களிடம் வேறொரு ஏற்பாடு இருந்தது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரம். 1344இல் அதில் ஏறிய பயணி இப்னு பதூதா, பாறையில் பொருத்திய இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். சிங்கள யாத்திரைக் குழுக்களில் வழியும் முறையும் தெரிந்த மூத்தவர் ஒருவர் முன்னே நடப்பார். ‘நடே குரா’ என்பார்கள். முதன்முறை ஏறுபவர் அவர் சொல் கேட்டு நடப்பார். வேகத்தைத் தீர்மானிப்பதும், எங்கே நிற்பது, எங்கே குளிப்பது என்று சொல்வதும் அவர்தான். சடங்கு போலத் தோன்றினாலும் அதற்குள் ஒரு பாதுகாப்பு ஒழுங்கு இருந்தது. கூட்டத்தை விட்டு யாரும் பிரிந்து போக முடியாது.

இன்று நல்லதண்ணிப் பக்கம் படிகள் ஐயாயிரத்துக்கு மேல். பருவ காலத்தில் வழிநெடுக விளக்கு, தேநீர்க் கடை, பொலிஸ், முதலுதவி நிலையம். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும் பருவம் வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அதன் பிறகு விளக்குகள் அணைந்துவிடும், கடைகள் மூடிவிடும். தென்மேற்குப் பருவமழையும் அதே சமயம் இறங்கும். அப்போது ஏறுபவர் இப்னு பதூதாவின் காலத்தில் ஏறுகிறார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பொழுதுபோக்கு நடையும் பெருகியிருக்கிறது. இலங்கையில் வாழும் ஸ்பானியரான மிகெல் குனாட் முயற்சியெடுத்து, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உதவ உருவானது பீக்கோ நடைபாதை. கண்டி ஹந்தானையில் தொடங்கி நோர்வூட், பொகவந்தலாவ, டயகம, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் கொழுந்தும் ஆட்களும் போய்வந்த தோட்டப் பாதைகள்தான். 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணமும் நடந்தது. மூதாதையர் விழுந்து மடிந்த வழியில், தண்ணீரும் மருந்தும் துணைக்கு வரப் பேரப்பிள்ளைகள் நடந்தார்கள்.

இன்றைய பயணியின் பையில் பிடிப்புள்ள சப்பாத்து, மழைக்கோட்டு, தலையில் கட்டும் டோர்ச், ஊன்றுகோல், அட்டைக் காலுறை, கைபேசியில் வரைபடம் எல்லாம் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் மலையின் ஆபத்துகள் பழையபடியே இருக்கின்றன.

முதல் ஆபத்து குளிர். நடுச்சாமத்தில் வியர்க்க வியர்க்க ஏறி, உச்சியில் காற்றில் நின்று சூரியோதயத்துக்குக் காத்திருக்கும்போது, நனைந்த சட்டைதான் உடலை நடுங்க வைக்கிறது. காய்ந்த மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்து, உச்சிக்கு வந்ததும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஏறும்போது வேலை இதயத்துக்கு, இறங்கும்போது முழங்காலுக்கு. இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஏறக்கூடாது. நெஞ்சு இறுகினால் மீதிப் படிகளை எண்ணாமல் அங்கேயே உட்கார்ந்து உதவி கேட்க வேண்டும்.

அடுத்தது மூடுபனி. ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்குக் காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் பெரும்பாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் அங்கே படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். மரமொன்றில் சிக்கியதால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் மீட்டெடுத்தார்கள். எல்லா இடத்திலும் மரம் இருக்காது.

மின்னலுக்கும் ஒரு நேரம் உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல்தான் அதன் பொழுது. விடியலில் புறப்பட்டு மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும்; அதை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை.

குளவியைப் பற்றிப் பயணக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் சேர்ந்த செய்தி ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் அடிக்கடி வரும், உயிரிழப்பும் உண்டு. மரத்தில் கூடு தெரிந்தால் கல்லெறியக்கூடாது, கீழே புகை பிடிக்கக்கூடாது, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு நிற்கவும் கூடாது. கலைந்துவிட்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓடி விலக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது மண்சரிவு. ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கப் போகிறவர் காலையில் முதலில் பார்ப்பது பனிச்சரிவு எச்சரிக்கையை. ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டிருப்பார்கள். நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அறிவிக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேற்றம். உல்லாச நடைக்கு மஞ்சளே போதிய காரணம், வீட்டில் இருக்க. அறிவிப்பு இல்லாத நாளிலும் நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று ஆகியவற்றைக் கண்டால் திரும்பிவிட வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை மலைநாடு முழுவதும் சரிவுகளைக் கொண்டுவந்து, நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது.

மீரியபெத்தையில் புதைந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்ல. அன்றுக்கும் இன்றுக்கும் உள்ள வேறுபாடு மலையில் இல்லை, காலில்தான் இருக்கிறது. ஒரே சரிவில், ஒரே மழையில், பயணி பிடிப்புள்ள சப்பாத்தோடு இறங்குகிறார். 18 கிலோ, 20 கிலோ கொழுந்து சுமந்த பெண் ரப்பர் செருப்போடு இறங்குகிறார். பயணிக்கு வழிகாட்டிப் பலகை நட்டாயிற்று. அதே பாதையில் தினமும் நடப்பவருக்குக் குளவிக்கூடு அகற்றித் தரவும், வழுக்கும் படியைச் செப்பனிடவும் ஆள் இல்லை.

மலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவசர அம்புலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்களைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். புறப்படுமுன் வழியிலுள்ள லயத்தில் ஒருவரிடம், “இன்றைக்கு மேலே போகலாமா அக்கா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். உங்கள் நடையால் வருமானம் பெறும் தோட்ட நிர்வாகங்களிடமும் சுற்றுலாத் துறையிடமும் ஒன்று கேளுங்கள்: பயணிக்குத் தேவை என்று சொல்லும் சப்பாத்தும் மழைக்கோட்டும் பாதுகாப்பான படியும், அந்த மலையில் வேலை செய்பவருக்கு முதலில் கிடைக்க வேண்டும்.