மூன்று பிக்கப்பும் ஒரு பெருக்கியும்

திருவிழா நாட்களில் மெல்லிசைக் கச்சேரி நடைபெறாத ஊர் நம் பக்கத்தில் அரிது. மேடையில் மின் கிதார் வாசிப்பவரைச் சற்றே கவனித்துப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு கருவியிலுள்ள சிறு சுவிட்சைத் தள்ளுவார். உடனே பின்னால் திரும்பிப் பெருக்கியின் குமிழ்களைத் திருகுவார். மேடையில் எல்லோரும் 'ஆம்ப்' என்று சொல்வது இந்தப் பெருக்கியைத்தான். இதைக் கவனிக்காதவர்களும் இதன் விளைவை அனுபவித்திருப்பார்கள். ஒரு பாட்டில் கிதார் காதைத் துளைக்கும். அடுத்த பாட்டில் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும்.

விடுமுறை நாட்களில் ஒரு குழுவுக்குப் பெட்டி தூக்கவும் வயர் இழுக்கவும் போய் வருபவன் நான். இந்தக் கோளாறுக்குக் கருவியையே குறை சொல்லி, அதைப் பாதி விலைக்கு விற்று, வட்டிக்குக் கடன் வாங்கி வேறு வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். புதிய கருவியிலும் அதே கதைதான் நடந்தது. காரணம், கோளாறு பெரும்பாலும் கருவியின் தரத்தில் இல்லை. மூன்று வேறுபட்ட ஒலிகளை ஒரே பெருக்கியில் சமன் செய்யும் முறையில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே போதும். சரி செய்ய ஒரு திருப்புளி போதும்.

பிக்கப் என்பது நிலைக்காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியால் பல ஆயிரம் முறை சுற்றிய சுருளும் சேர்ந்தது. மேலே உள்ள எஃகுக் கம்பி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான் இது. இந்த முறையில் அமைந்த கிதாருக்கு அமெரிக்கரான ஜார்ஜ் பீச்சம் 1937இல் காப்புரிமை பெற்றார். நைலான் கம்பி பூட்டினால் பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அது காற்றின் அதிர்வைக் கேட்பதில்லை, எஃகின் அசைவை மட்டுமே உணர்கிறது.

இனி, மூன்று பிக்கப் எதற்கு என்று பார்ப்போம். 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மாதிரியையே எடுத்துக்கொள்கிறேன். நம் கடைகளில் விற்கும் விலை குறைந்த கிதார்கள் பலவும் இதைப் பார்த்துச் செய்தவையே. இதில் கம்பியின் அதிரும் நீளம் 648 மி.மீ. வீணையில் நாம் குதிரை என்பதைக் கிதாரில் பிரிட்ஜ் என்பர். பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ 162 மி.மீ. தொலைவில் கழுத்துப் பிக்கப்பும், சுமார் 41 மி.மீ. தொலைவில் பிரிட்ஜ் பிக்கப்பும் உள்ளன. நடுவில் இன்னொன்று.

முதலாண்டு ஆய்வகத்தில் சுரமானிக் கம்பியின்மேல் காகிதத் துண்டு வைத்தோமே, நினைவிருக்கிறதா? எதிர்க்கணுவில் வைத்தது பறந்தது. கணுவில் வைத்தது அசையாமல் இருந்தது. பிக்கப்பும் அந்தக் காகிதத் துண்டு போன்றதே. அடிப்படை அதிர்வின் வீச்சு கம்பியின் மத்தியில் 1 என்று கொண்டால், கழுத்துப் பிக்கப்பின் மேலே அது 0.71. பிரிட்ஜ் பிக்கப்பின் மேலே 0.20தான். நான்காம் சீரிசைக்கோ நிலைமை தலைகீழ். விரல் வைக்காத கம்பியில், கழுத்துப் பிக்கப்பின் இடத்தில் அதற்குக் கணு விழுகிறது. ஆகவே அந்தப் பிக்கப்புக்கு அது அநேகமாகக் கேட்பதே இல்லை. பிரிட்ஜின் அருகே அதன் உச்ச வீச்சில் 0.71 பங்கு கிடைக்கிறது. ஒரே கம்பி, ஒரே மீட்டல். ஆனால் ஒரு பிக்கப் கனத்த குரலிலும் மற்றொன்று கூர்மையான குரலிலும் பேசுவதன் இரகசியம் இவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை பெருக்கியில் இல்லை, பிக்கப்பின் உயரத்தில் இருக்கிறது. மூன்றையும் ஒரே உயரத்தில் வைத்தால் கழுத்துப் பிக்கப் உரக்கப் பேசும். பிரிட்ஜ் பிக்கப் முணுமுணுக்கும். ஒவ்வொரு பிக்கப்பின் இரு முனைகளிலும் ஒரு திருகு உண்டு. கழுத்துப் பிக்கப்பை இறக்கி, பிரிட்ஜ் பிக்கப்பை ஏற்றி, சுவிட்சை மாற்றினாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி செய்ய வேண்டும். தொடக்க அளவாக, கடைசி மெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு பார்க்கும்போது, தடித்த கம்பிக்கும் காந்த முனைக்கும் இடையே சுமார் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ. வைக்கலாம். அங்கிருந்து காது சொல்கிறபடி கூட்டலாம், குறைக்கலாம். சத்தம் வேண்டும் என்பதற்காகக் கம்பியை ஒட்டிக் கொண்டுபோய் வைப்பது கூடாது. காந்தம் கம்பியையே இழுக்கும். தடித்த கம்பியில் சுருதி அலையும். எவ்வளவு சுருதி சேர்த்தாலும் சேராத கிதார்கள் சில இந்த வியாதிக்காரர்களே.

சத்தம் சமமானாலும் குரல் வேறுபாடு அப்படியேதான் இருக்கும். பிரிட்ஜ் பிக்கப்பின் கூர்மை பொறுக்காமல் பெருக்கியில் டிரெபிளைக் குறைத்து வைப்பவர்கள்தாம் அதிகம். அடுத்த பாட்டுக்குக் கழுத்துப் பிக்கப்புக்கு மாறினால் ஒலி சேற்றில் சிக்கியது போலாகிவிடும். இங்கே ஓர் அடிப்படை உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். சாதாரணக் கிதாரிலுள்ள டோன் குமிழ் ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் மட்டுமே. அது உயர் அதிர்வெண்களைக் குறைக்க வல்லது, கூட்ட வல்லதன்று. எனவே மந்தமான பிக்கப்புக்கு ஏற்பவே பெருக்கியை வைக்க வேண்டும். கழுத்துப் பிக்கப்பில், கிதாரின் குமிழ்கள் முழுதும் திறந்திருக்க, ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும்வரை பெருக்கியின் டிரெபிளை ஏற்றுங்கள். பிறகு பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறி, மிகுதியாக உள்ள கூர்மையைக் கிதாரின் டோன் குமிழால் வெட்டுங்கள். மாற்றி ஏன் செய்யக் கூடாது என்றால், பெருக்கியில் ஒருமுறை வெட்டியதைக் கிதாரிலிருந்து திரும்பப் பெற வழியில்லை.

இதில் ஒரு வேடிக்கை: பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் இணைப்பில், எதற்கு டோன் குமிழ் மிகவும் தேவையோ அந்தப் பிரிட்ஜ் பிக்கப்புக்கே அது கிடையாது! அதைப் பார்த்துச் செய்த கருவிகளிலும் பெரும்பாலும் இப்படியே. சுவிட்சில் ஒரு சிறு வயரைப் பற்றவைத்தால் நடுப் பிக்கப்பின் குமிழையே இதற்கும் பயன்படுத்தலாம். ரேடியோ பழுது பார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்.

அடுத்து பெருக்கியின் மூன்று குமிழ்கள். பேஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் 5இல் வைத்தால் சமம் என்று பலரும் நம்புகிறார்கள். ஃபெண்டர் வகைச் சுற்றில் அது சமமே அன்று. சில நூறு ஹெர்ட்சில் ஒரு பள்ளம் இருக்கும். மூன்றையும் 0வில் வைத்தால் ஒலியே ஏறக்குறைய அற்றுப்போகும். வீட்டில் தனியாக வாசிக்கையில் பேஸும் டிரெபிளும் ஏற்றி மிடிலைக் குறைத்தால் ஒலி அழகாகத்தான் இருக்கிறது. மேடையிலோ கீழ்ப்பகுதியைப் பேஸ் கிதாரும் டிரம்மும், மேல்பகுதியைச் சிம்பலும் பிடித்துக்கொள்ள, கிதாருக்கு இடமே இல்லாமல் போகிறது. உடனே வால்யூமைக் கூட்டுகிறார்கள், பாடகர் தம் குரல் கேட்கவில்லை என்கிறார், மைக்கும் கூடுகிறது. இந்தப் போட்டியில் தோற்பது பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களின் காது. கிதார் கேட்கவில்லையென்றால் வால்யூமைத் தொடுமுன் பேஸைச் சற்றுக் குறைத்து மிடிலை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் செவியும் இதில் ஒரு பங்குதாரர். 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலி மெதுவாக இருக்கும்போது செவிக்குத் தாழ்ந்த அதிர்வெண்கள் மிகக் குறைவாகவே கேட்கின்றன. சத்தம் கூடக்கூட அவை முன்னுக்கு வருகின்றன. வீட்டில் மெதுவாக வைத்துப் பொருத்திய பேஸ் மேடையில் குமுறுவது இதனால்தான். கச்சேரிச் சத்தத்தில், மற்ற வாத்தியங்களும் ஒலிக்க, பந்தலின் நடுவில் ஒருவரை நிறுத்திக் கேட்கச் சொல்லிப் பொருத்துவதே முறை. பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான்.

வயரின் நீளமும் குரலை மாற்றும் என்றால் நண்பர்கள் நம்புவதில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிக்கப் சுருளின் தன்மின்தூண்டல் எண் 2.5 ஹென்றி என்க. சுருளின் மின்தேக்குத்திறன் 100 பிக்கோஃபாரட், வயருக்கு மீட்டருக்கு 100 என்று கொண்டால், 5 மீட்டர் வயரில் மொத்தம் 600. ஒத்ததிர்வு அதிர்வெண் சுமார் 4,100 ஹெர்ட்ஸ் வரும். வயரை 10 மீட்டர் ஆக்கினால் 3,000 ஹெர்ட்சுக்கு இறங்கிவிடும். பளபளப்பு போய்விட்டது என்று கிதாரைத் திட்டுமுன் வயரை அளந்து பார்க்கலாம்.

கடைசியாக இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப், ஸீரியல் விளக்கு, டியூப் லைட் முதலியவற்றின் மின்காந்தப் புலத்தையும் பிடித்துக்கொண்டு உறுமும். இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து இதைப் போக்கும் ஹம்பக்கர் என்ற பிக்கப்பைச் சேத் லவர் வடிவமைக்க, கிப்சன் நிறுவனம் 1957இல் கிதார்களில் பொருத்தியது. ஒற்றைச் சுருள் கிதார் வைத்திருப்பவர் விளக்குச் சரத்திலிருந்து விலகி நின்று, உடலைச் சற்றுத் திருப்பிப் பார்த்தாலே இரைச்சல் குறையும் இடம் ஒன்று அகப்படும். சிலர் இதற்குப் பதில் பெருக்கியின் பிளக்கில் எர்த் முனையைக் கழற்றிவிடுகிறார்கள். இதை மட்டும் எக்காரணத்தாலும் செய்யக் கூடாது. கிதாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகப் பெருக்கியின் உடலோடு இணைந்தவை. கை கம்பியில் இருக்க, உதடு மைக்கைத் தொட்டால் உடல் வழியே மின்சுற்று முழுமையாகும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் மேடையிலேயே இறந்தது, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதால்தான். ஜெனரேட்டரில் ஓடும் கச்சேரிகளில், வாசிக்கத் தொடங்குமுன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிதார்க் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் தொட்டுப் பார்க்கிறோம். முள் அசைந்தால், எர்த் சரியாகும்வரை கிதார் உறையிலிருந்து வெளியே வருவதில்லை.