ஊருக்கு ஒரு படி

பட்டணம் படி என்றும் சின்னப் படி என்றும் ஊருக்கு ஊர் வேறுபட்ட முகத்தலளவைகள் நம் நாட்டில் வழங்கிவந்த காலத்தில், ஓர் ஊரில் வாங்கிய நெல்லை மற்றோர் ஊரில் அளந்து பார்த்த வியாபாரி, குறைந்தது நெல்லா, மாறியது படியா என்று நிச்சயிக்க முடியாமல் மயங்கியதுண்டு. மனிதனுடைய குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய விஞ்ஞானம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய அதே மயக்கத்தில்தான் இருந்தது. ஒரு தேசத்து ஆராய்ச்சிக்கூடம் கண்டதை மற்றொரு தேசத்தார் காணாதபோது, அந்த வித்தியாசம் மக்களுடைய குடலில் இருக்கிறதா, பரிசோதித்த முறையில் இருக்கிறதா என்று யாராலும் திட்டமாகக் கூற இயலவில்லை.

குடலின் குடித்தொகையைப் பற்றி நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கணக்கே இதற்கு ஓர் உதாரணம். நம் தேகத்திலுள்ள உயிரணுக்களைப்போல் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் நமக்குள் வசிக்கின்றன என்று பாடப்புத்தகங்கள் வரை எழுதிவிட்டார்கள். இஸ்ரேலிலுள்ள வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2016-ஆம் ஆண்டில் அந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்த்தபோது, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி, நம் உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி, அத்தனை பாக்டீரியாக்களின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 200 கிராம் என்றே தேறியது. ஆயினும் அந்த 200 கிராம் செய்யும் பணி அற்பமானதன்று. நம்மால் செரிக்க முடியாத நார்ப்பொருளை அவை புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்களில் ஒன்றுதான் பெருங்குடலின் உட்சுவருக்கே முக்கியமான ஆகாரமாகிறது.

அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிலையங்கள் 2007-இன் இறுதியில் மனித நுண்ணுயிர்த் தொகுதியை ஆராயும் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டிலேயே பிரான்சைத் தலைமையிடமாகக் கொண்டு, டுஸ்கோ எர்லிக் என்பவருடைய பொறுப்பில், எட்டு நாடுகளின் நிலையங்கள் கூடிய ‘மெட்டாஹிட்’ என்னும் திட்டம் உருவாயிற்று. இவ்விரண்டும் தனித்தனியே ஓடினால் பழைய படிக் குழப்பமே பெருகும் என்று உணர்ந்த விஞ்ஞானிகள், 2008 அக்டோபரில் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை நிறுவி, கண்டவற்றை ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் வழங்குவதென்று சம்மதித்தார்கள். 2010-இல் மெட்டாஹிட் வெளியிட்ட முதல் பட்டியல், 124 ஐரோப்பியர்களின் மலத்திலிருந்து 33 லட்சம் மரபணுக்களை எடுத்துக் காட்டியது. மனிதனுடைய சொந்த மரபணுக்களைப்போல் அது சுமார் 150 மடங்கு.

பட்டியல் பெரிதுதான், ஆனால் என் மனத்தில் அதனினும் உயர்ந்து நிற்பது, புகழ் தேடாத வேறொரு காரியம். மரபணுவை வாசிக்க வேண்டுமானால் முதலில் பாக்டீரியாவின் சுவரை உடைத்து உள்ளிருக்கும் டி.என்.ஏ.வை வெளியே எடுக்க வேண்டும். சில பாக்டீரியாக்களுக்குச் சுவர் மெல்லியது, சிலவற்றுக்குத் தடித்தது என்னும் பேதத்தை, டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் கண்டுபிடித்த சாயமுறை அன்றே பிரித்துக் காட்டிவிட்டது. மென்மையான ரசாயனத்தால் மட்டும் கரைப்பவன் மெல்லிய சுவருள்ளவற்றையே மிகுதியாகக் காண்பான். நுண்மணிகளோடு சேர்த்துக் குலுக்கி மோதி உடைப்பவனுக்குத் தடித்த சுவருள்ளவையும் தென்படும். உடைக்கத் தவறியதை ‘இந்த நோயாளிக்கு இந்தப் பாக்டீரியா குறைந்துவிட்டது’ என்று எழுதிவிட்டால், அதன்மேல் எழுப்பும் சிகிச்சை முழுவதும் பொய்யாகிவிடுமல்லவா? ஆகையால், சர்வதேசத் தர நிர்ணயத்துக்கென்றே நடந்த ஒரு திட்டத்தில், ஒரே மல மாதிரிகளை 21 வெவ்வேறு முறைகளில் பிரித்தெடுத்து ஒப்பிட்டார்கள். சேமித்துவைத்த விதம், வாசிப்புக்குத் தயார்செய்த விதம் ஆகியவற்றைக் காட்டிலும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்த விதமே முடிவை அதிகமாக மாற்றுகிறது என்பது 2017-இல் வெளியான அந்த ஆய்வால் உறுதிப்பட்டது. எல்லோரும் பின்பற்றத்தக்க ஒரு முறையும் அதில் சிபாரிசு செய்யப்பட்டது. இவ்வளவு சிரத்தையோடு செய்த இந்தப் பணியைப் பத்திரிகைகள் போதிய அளவு போற்றவில்லை என்பது என் வருத்தம்.

படி ஒன்றானால் மட்டும் போதாது. அளக்கப்படும் நெல்லும் எல்லா வயல்களிலிருந்தும் வரவேண்டும். பொதுக் களஞ்சியங்களில் தேசம் குறிக்கப்பட்டுள்ள மாதிரிகளில் நூற்றுக்கு 70-க்கும் மேல் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. சோறும் பருப்பும் உண்ணும் கோடிக்கணக்கானவர்களின் குடலைப் பற்றி அவற்றைக்கொண்டு தீர்ப்புச் சொல்லுவது நியாயமாகாது. டாக்காவின் மீர்பூர் சேரியில் போஷாக்குக் குன்றிய ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு, அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும் வங்கதேசத்தின் தஹ்மீத் அகமதும் கூடி வகுத்த உணவு, அங்கேயே கிடைக்கும் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் ஆகியவற்றால் ஆனது. வழக்கமாகக் கொடுக்கப்படும் ஊட்ட உணவைவிடக் கலோரி குறைந்திருந்தும், குழந்தைகளை அது நன்றாக வளரச் செய்தது என்று 2021-இல் அறிந்தோம். அந்தக் குழந்தைகளின் குடலையே ஆராய்ந்ததன்றி வேறெவ்வகையாலும் அந்த உணவு பிறந்திராது. நம் வேலூரும், எட்டு நாடுகளில் குழந்தைகளின் குடல் நோயையும் வளர்ச்சியையும் ஒரே முறையில் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில் ஓர் இடமாக இருந்தது.

ஆதலால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆராய்ச்சிக்காக யாரேனும் உங்கள் வீட்டு வாசலில் வந்து மல மாதிரி கேட்பார்களானால், என்ன நோக்கம், யார் பொறுப்பு என்பதை நன்கு விசாரித்துத் தெளிந்தபின், அருவருப்பின்றிக் கொடுங்கள். அது எந்த நேரத்தில் எடுத்தது, கடைசியாக ஆன்டிபயாடிக் மாத்திரை உண்டது எப்போது என்பவற்றையும் மறவாமல் சொல்லுங்கள்.